பேச்சிக்கனி வாய் திறந்த கோடை

பெங்களூரில் ஒரு கோடை முழுக்கப் பூ உதிரவே இல்லை என்று அல்சூர்ப் பக்கம் போய் யாரிடம் சொன்னாலும் அவர்கள் ஆச்சரியப்பட மாட்டார்கள். ஆமாமாம், எங்கள் பெரியவளுக்குக் காது குத்தின வருஷம், தண்ணீர் லாரிக்குச் சண்டை போட்ட வருஷம் என்று ஆளுக்கொரு அடையாளம் சொல்லிவிட்டு, அந்தத் தூத்துக்குடி அம்மா சௌக்கியமா என்று நம்மையே திருப்பி விசாரிப்பார்கள்.

அந்த அம்மாவின் பெயர் பேச்சிக்கனி. வயது ஐம்பத்தேழு. ஊர் சுற்றிப் பார்க்க வந்தவள் இல்லை, மகளுக்குப் பிரசவம் பார்க்க வந்தவள். பங்குனித் தொடக்கத்தில் ஒரு காலை, ஒரு கையில் கருப்பட்டிப் பெட்டியும் இன்னொரு கையில் உளுந்து மாவுப் பையுமாக ரயிலை விட்டு இறங்கி, மருமகன் கிருபாகரன் ஆட்டோ பிடிக்கப் போன நேரத்தில் ஸ்டேஷன் வாசலில் தனியாக நின்றாள். நாற்பது வருஷம் உப்பளத்தில் உப்பு வாரின கண்கள் அவளுடையவை. வெள்ளை, அதைவிட வெள்ளை, அதற்கும் மேல் கூசுகிற வெள்ளை என்று பார்த்துப் பார்த்து எப்போதும் பாதி மூடியே இருக்கும். அந்தக் கண்ணை இடுக்கிக்கொண்டு அவள் நிமிர்ந்தபோது, எதிரே ஒரு மரம் ஒற்றை இலைகூட இல்லாமல் உச்சி முதல் கிளைநுனி வரை ஊதாவாக நின்றது. கத்தரிப்பூவின் நிறம்தான், ஆனால் அதை வெயிலில் உலர்த்திப் பாதி சாயம் போகவிட்ட மாதிரி ஒரு நிறம். பேச்சிக்கனிக்குக் கண் முழுதாகத் திறந்துகொண்டது.

"ஏ ஆத்தா," என்றாள், கருப்பட்டிப் பெட்டி கை நழுவி விழுந்தது தெரியாமல். "என்னா அழகுட்டி நீ!"

இதைக் கேட்டால் சாதாரணப் பேச்சாகத்தான் தெரியும். ஆனால் பேச்சிக்கனி பிறந்து வளர்ந்த தெருவில் எதையும் அழகு என்று வாய்விட்டுச் சொல்வதைப் போல ஒரு பாதகம் கிடையாது. பிள்ளை கொழுகொழுவென்று இருந்தால் 'என்ன, கருவாட்டுக் குஞ்சாட்டம் கெடக்கு' என்பார்கள். புது வீடு கட்டினால் 'ஏதோ ஒழுகாம நிக்குது' என்பார்கள். மறந்துபோய் யாராவது ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டால் அன்று சாயந்திரமே மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டாக வேண்டும். பேச்சிக்கனி இந்த விஷயத்தில் அந்தத் தெருவையே தூக்கிச் சாப்பிடுகிறவள். அவளுடைய முதல் பிள்ளையைப் பார்த்து, அளத்துக்குப் புதிதாக வேலைக்கு வந்த ஒருத்தி 'பவுனு கணக்கா இருக்கானே' என்று சொல்லிப் போன எட்டாம் நாள் அவன் காய்ச்சலில் போனான். இரண்டாவதையும் யாரோ மெச்சினார்கள், அதுவும் போயிற்று. மூன்றாவதாக ஒரு பெண் பிறந்தபோது, தொப்புள் காய்வதற்குள் அதைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்து, ஒரு படி தவிட்டுக்குத் திருப்பி வாங்கி, தவிட்டுக்கு வாங்கின பிள்ளையை எந்தச் சாமியும் எந்தக் கண்ணும் சட்டை செய்யாது என்று பிச்சைக்கனி எனப் பெயரிட்டு, அன்றைக்கு மூடின வாயை முப்பது வருஷமாக மூடியே வைத்திருந்தாள். பிச்சைக்கனி பள்ளிக்கூடத்தில் முதலாவதாக வந்தபோது 'கெடக்கட்டும்' என்றாள். பட்டுச்சேலை கட்டி மணவறையில் உட்கார்ந்து, வந்தவர்கள் எல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தபோது, குனிந்து, 'அந்தப் பரட்டைய ஒழுங்கா வாரக் கூடாதா' என்று காதோடு சொன்னாள்.

ஸ்டேஷன் வாசல் மரம் அவள் பெற்றதும் இல்லை, அவளுக்குத் தெரிந்தவர் யாரும் பெற்றதும் இல்லை. அந்தத் தைரியத்தில்தான் வாய் திறந்துகொண்டது என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் கவனித்தது அந்த மரத்தடியில் டீ விற்கிறவர். பால் சட்டிக்குள் விழுகிற பூவைக் கரண்டியால் எடுத்துப் போடுவதுதான் பங்குனி சித்திரையில் அவருக்குப் பாதி வேலை. மூன்று நாளாகப் பாலில் ஒரு பூ இல்லை. அண்ணாந்து பார்த்தார், மரத்தில் பூ அப்படியே இருந்தது. காற்றடித்தது, கிளை ஆடியது, பூ ஆடியது, உதிரவில்லை. சரி, நமக்கு ஒரு வேலை மிச்சம் என்று கரண்டியைக் கொடியில் மாட்டிவிட்டார்.

பேச்சிக்கனிக்கு இது எதுவும் தெரியாது. அவள் வேறு லோகத்தில் இருந்தாள். மகளைத் தினமும் நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா, அந்தச் சாக்கில் தாயும் மகளும் தினம் காலையில் கப்பன் பார்க்குக்குப் போனார்கள், ஞாயிற்றுக்கிழமை கிருபாகரனுக்கு மெட்ரோ ரயில் ஓட்டுகிற வேலை இல்லாவிட்டால் மூன்று பேருமாக லால்பாக் போனார்கள். ஒரு ஊரில் பூவுக்கென்று இவ்வளவு இடம் விடுவார்களா, அதுவும் மனுஷனுக்கே இடம் போதாத ஊரில், என்று முதல் நாள் அவளுக்கு நம்பிக்கையே வரவில்லை. இது யார் வீட்டுத் தோட்டம், நாம் நுழைந்தால் வைவார்களா என்று வாசலிலேயே தயங்கினாள். எல்லாருக்கும் பொதும்மா, கவர்ன்மெண்ட் தோட்டம் என்று மகள் சொன்ன பிறகு, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டுதான் உள்ளே நடந்தாள்.

ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ரோஜா நிறத்தில் பொங்கி வழிகிற மரம் ஒன்று இருந்தது, அதற்கு ஏதோ வெளிநாட்டுப் பெயர், வாயில் நுழையவில்லை, நுழையாவிட்டால் என்ன; 'வாட்டி என் ரவிக்கைத் துணி' என்று கூப்பிட்டாள். மயிற்கொன்றை தீப்பிடித்தது போல் நின்றது, அதன் கீழே உட்கார்ந்திருந்த காதல் ஜோடியின் முகமெல்லாம் சிவப்பாகத் தெரிந்தது. தூங்குமூஞ்சி மரத்தின் பூவை இவ்வளவு கிட்டத்தில் அவள் பார்த்ததில்லை, பவுடர் பூசுகிற பஞ்சு மாதிரி இருக்கிறதே என்று கன்னத்தில் ஒற்றிப் பார்த்துக்கொண்டாள். நாகலிங்க மரம் கிளையை நம்பாமல் அடிமரத்திலேயே பூத்திருந்தது. அந்த வாசனையில் பேச்சிக்கனிக்குத் தலை லேசாகக் கிறுகிறுத்தது. லால்பாக் கண்ணாடி மாளிகையைச் சுற்றிப் பாத்தி பாத்தியாக, அவளுக்குப் பெயர் தெரியாத பூக்கள், சட்டித் தலைப் பூ, சின்ன மூக்குத்திப் பூ, நாய் வாயைப் பிளந்த மாதிரி ஒரு பூ, எல்லாம் வரிசை குலையாமல் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போல நின்றன. ஏரிப் பக்கம் போனால் அல்லி. பாறை மேட்டில் ஏறினால் கீழே ஊர் முழுக்கப் பச்சைக்கு நடுவே மஞ்சள் மஞ்சளாகப் புகைந்தது. பேச்சிக்கனி எதையும் விடவில்லை. ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று, இடுப்பில் கை வைத்து, 'ஏட்டி, ஒன்ன ஆரு இப்படிப் பெத்தது', 'கண்ணு ரெண்டும் போதலியே எனக்கு', 'நீ இருக்குத இருப்புக்கு மகாராணி பிச்ச எடுக்கணும்' என்று முப்பது வருஷம் சேர்த்து வைத்த அத்தனையையும் அவிழ்த்துக் கொட்டினாள். அவள் கொட்டக் கொட்ட, அவள் சொன்ன பூவெல்லாம் கேட்டுக்கொண்டு அப்படியே நின்றுவிட்டன.

இரண்டடி தள்ளி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்த பிச்சைக்கனியும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அவள் ஒரு பெரிய கட்டட நிறுவனத்தில் வரைபடம் போடுகிறவள். ஆபீசில் எல்லாருக்கும் அவள் 'கனி'. பெயரின் முன்பாதியை அவள் யாரிடமும் சொல்வதில்லை. ஏப்ரல் இரண்டாம் ஞாயிறு அன்று, லால்பாக்கில் ஒரு சரக்கொன்றை அடியில், கிருபாகரன் தண்ணீர் பாட்டில் வாங்கப் போயிருந்தபோது, அவள் நின்றுவிட்டாள்.

"மரத்துக்கெல்லாம் சொல்லுத," என்றாள். "செடிக்குச் சொல்லுத. அந்தக் குளத்துத் தவளைக்குக்கூட ஒரு நல்ல வார்த்த சொன்ன, கேட்டுக்கிட்டுதான் வந்தேன். எனக்கு ஒருநாள் ஒண்ணு சொல்லிருக்கியாம்மா?"

"ஒனக்கு என்னத்தட்டி சொல்ல."

"நான் நல்லாருக்கேன்னு சொல்லு. ஒரே ஒரு தடவ. பொய்யாட்டுச் சொல்லு, போதும்."

பேச்சிக்கனிக்கு ஒரு குறை உண்டு, அவளுக்குப் பொய்யாக மெச்ச வராது. அவள் மகளைப் பார்த்தாள். கொன்றையின் மஞ்சள் வெளிச்சம் பிச்சைக்கனியின் முகத்தில் விழுந்திருந்தது, மேலுதட்டில் வியர்வை அரும்பியிருந்தது, ஒன்பதாம் மாத வயிற்றின் மேல் இரண்டு கையும் கோத்திருந்தது, கண்ணில் நீர் விழவா வேண்டாமா என்று நின்றது. இவ்வளவு நாள் பார்த்த அத்தனை பூவும் பேச்சிக்கனிக்கு ஒரு நிமிஷம் மறந்துபோனது.

"அழகா இருக்கட்டி," என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "எம் மக அழகா இருக்கா. இந்த வயிறும் நீயுமா, இதே மாதிரி இருந்துக்கிடேன்."

பிச்சைக்கனி அங்கேயே புல்லில் உட்கார்ந்து அழுதாள். தண்ணீர் பாட்டிலோடு வந்த கிருபாகரன், வலி வந்துவிட்டது என்று நினைத்துப் பதறி ஆட்டோவைக் கூப்பிட்டுவிட்டான்.

அதற்குப் பிறகு ஊர் விழித்துக்கொண்டது. எந்த மரம் உதிர்க்கவில்லை, எந்த மரம் உதிர்க்கிறது என்று ஒப்பிட்டு, உதிர்க்காத எல்லாவற்றுக்கும் முன்னால் கையில் செருப்போடு ஒரு அம்மா நின்று பேசியதைப் பார்த்த ஆட்களைப் பிடித்து விசாரித்து, ஒரு வாரத்துக்குள் அல்சூரில் மகளின் வீட்டைக் கண்டுபிடித்துவிட்டார்கள். பெங்களூர்க்காரர்கள் இதை எடுத்துக்கொண்ட விதம் ரொம்ப மரியாதையானது. ஏன், எப்படி என்று யாரும் துருவவில்லை. எங்கள் தெரு மரத்தையும் ஒருதரம் பார்க்க வருவீர்களா, காபி போட்டு வைக்கிறோம் என்றுதான் கேட்டார்கள். பேச்சிக்கனியும் போனாள். பிடித்தால் சொன்னாள், பிடிக்காவிட்டால் காபியைக் குடித்துவிட்டு வந்தாள். மே மாதம் பிறந்தபோது, பங்குனியில் வருகிற ஊதாவும் ரோஜாவும் போகாமல் சித்திரையின் மஞ்சளும் சிவப்பும் கூடச் சேர்ந்துகொண்டு, அந்த ஊரில் பிறந்து வளர்ந்த கிழவர்களே ஒருபோதும் பார்த்திராதபடி, நாலு நிறமும் ஒரே தெருவில் தோளோடு தோள் உரசி நின்றன. பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போட்டார்கள். ஆபீசுக்குத் தாமதமாக வருகிறவர்களிடம் 'எந்த ரோடு வழியா வந்த' என்று மட்டும் கேட்டுவிட்டு விட்டுவிட்டார்கள். விடிகாலையில் தெருக் கூட்டுகிற பெண்கள், கூட்ட ஒன்றும் இல்லாமல், துடைப்பத்தைத் தலைகீழாக மதிலில் சாய்த்துவிட்டு வரிசையாக உட்கார்ந்து, பல வருஷமாகப் பேசி முடியாமல் இருந்த மாமியார் கதைகளைப் பேசி முடித்தார்கள்.

ஏரிக்கரைக் கோயில் வாசலில் பூக்கட்டி விற்கிற அஞ்சலாட்சிதான் முதல் ஆளாக மல்லிகைப்பந்தைத் தூக்கிக்கொண்டு வந்தவள். "எக்கா, ஒரு தபா பாத்து நல்லா சொல்லுக்கா, வெயில்ல வாடிப் பூடுது" என்றாள். பேச்சிக்கனி மோந்து பார்த்து, மனசாரச் சொன்னாள். மறுநாள் இன்னும் எட்டுப் பேர் வந்தார்கள். அப்புறம் என்ன, ஒருதரம் வாங்கினவள் ஒரு மாதம் ஆனாலும் அதே மல்லிகையைத் தலைக்குக் குளிக்கும்போது கழற்றி வைத்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டாள், பூக்கடைப் பக்கம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. மே கடைசியில் அதே அஞ்சலாட்சி வந்து, "எக்கா, சரக்க கொஞ்சம் கொற சொல்லேன், உனக்குப் புண்ணியமாப் போவும்" என்று கையைப் பிடித்துக்கொண்டாள்; மனசார மெச்சின பூவைக் குறை சொல்லப் பேச்சிக்கனிக்கு வாய் வரவில்லை. கோயில் குருக்கள், வாடாவிட்டாலும் நேற்றைய பூ நேற்றைய பூதான், சாமிக்கு ஆகாது என்று சொல்லிவிட்டதால், அந்த ஒரு வியாபாரம் மட்டும் அவர்களுக்குத் தப்பித்தது. தேனீக்கள் இருந்த தேனை எல்லாம் குடித்துத் தீர்த்துவிட்டு, காலிப் பூவை நாலு நாள் சுற்றிப் பார்த்து, பிறகு கூட்டமாகக் கரும்புச்சாறு வண்டிகளுக்குக் குடிபோயின. அதற்கும் ஜனங்கள் பழகிக்கொண்டு, தேனீயை ஊதித் தள்ளிவிட்டுச் சாறு குடித்தார்கள்.

இத்தனை கொண்டாட்டத்துக்கு நடுவே, டாக்டரம்மா குறித்துக் கொடுத்த ஏப்ரல் இருபத்திரண்டாம் தேதி வந்தது, போனது. மே வந்தது, போனது.

வலி வரவழைக்க மருந்து ஏற்றினார்கள், பிச்சைக்கனிக்கு நல்ல தூக்கம் வந்தது. ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்துவிட்டு, "குழந்தை ஏப்ரல் பத்தாம் தேதி இருந்த எடையிலேயே இருக்கு. ஒரு கிராம் ஏறல, எறங்கல. துடிப்பு ரொம்ப நல்லா இருக்கு. அதுக்கு நாள் நகரவே இல்லம்மா. நகராத நாளுக்கு நான் எப்படிக் கத்தி வைக்கிறது?" என்று சொல்லி, வைட்டமின் மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினார். அவருடைய வீட்டுத் தோட்டத்திலும் ஒரு ஊதா மரம் உதிராமல் நின்றதால் அவருக்கு இது பெரிய அதிசயமாகப் படவில்லை. கிருபாகரன் மட்டும் தொட்டில் கயிற்றை அவிழ்ப்பதும் மறுபடி கட்டுவதுமாக இருந்தான். பிச்சைக்கனிக்கோ முகம் நாளுக்கு நாள் மினுங்கியது, கால் வீங்கவில்லை, மூச்சு வாங்கவில்லை. வாசலில் போகிறவர்களெல்லாம் அவளைப் பார்த்து ஒரு நிமிஷம் நின்று போனார்கள்.

ஜூன் பாதியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு காலை, மழை விட்ட நேரத்தில், பேச்சிக்கனி லால்பாக்குக்குத் தனியாகப் போனாள். அங்கே மாமரங்களைப் பார்த்துக்கொள்கிற தோட்டக்காரர் முனிவெங்கடப்பா அவளுக்கு நல்ல பழக்கம். அவர் ஒரு மரத்தடியில் கையைப் பிசைந்துகொண்டு நின்றிருந்தார்.

"இன்னாம்மா செய்ய நானு?" என்றார். "தோ அந்த மரத்துல காயி பறிச்சு, பழுக்க வெச்சு, துன்னும் ஆச்சு. இது பங்குனில பூத்தது பூத்தபடி நிக்குது. மூணு மாசமா ஒரு வடு வுழல. வருசா வருசம் இந்த மரத்து வடுவுலதான் எங்கூட்டுல ஊறுகா."

காய்த்து முடித்த மரத்தின் பக்கம், பங்குனியில் வந்த அன்று, அவள் போகவில்லை, கால் வலி. இந்த மரத்தின் கீழேதான் நின்று, 'புதுப்பொண்ணு கணக்கா இருக்கியே' என்று கொஞ்சிவிட்டுப் போனாள். பேச்சிக்கனி இதையும் அதையும் மாறி மாறிப் பார்த்தாள். மெல்ல அடிமரத்தில் கை ஊன்றிக்கொண்டாள். கொன்றை மரத்தடியில் மகளுக்குச் சொன்ன வார்த்தை, சொன்ன குரலிலேயே அவள் காதில் கேட்டது. வந்த பயம் வாய்க்கு வருவதற்குள் ஆத்திரமாக மாறியது.

"ஏட்டி மூதேவி," என்று மரத்தைப் பார்த்துக் கத்தினாள். "பூத்துக்கிட்டு நின்னா போதுமாட்டி? எவ ஒருத்தி நல்லாருக்கேன்னு சொன்னா, சிங்காரிச்சுக்கிட்டு நின்னுருவியா? காய்க்கதுக்கு வக்கில்லாத ஒனக்கு எதுக்குட்டி இம்புட்டுப் பூ?"

மரம் ஒரு தடவை சிலிர்த்தது. அவ்வளவு பூவும் ஒரே மூச்சில் முனிவெங்கடப்பாவின் தலைமேல் கொட்டியது. மறுநாள் காலை அவள் போய்ப் பார்த்தபோது கொத்துக் கொத்தாக, மிளகு அளவில், வடு பிடித்திருந்தது.

பேச்சிக்கனி அங்கிருந்து ஓட்டமும் நடையுமாக வீடு வந்தாள். வாசலில் குடியிருப்போர் சங்கத்துக்காரர்கள் நாலு பேர் குடையோடு நின்றார்கள்; மாமரத்துச் சேதி அவளுக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. எங்கள் தெருவை மட்டும் ஒன்றும் சொல்லிவிடாதீர்கள் என்று கும்பிட்டார்கள். "ஒங்க தெருவ நீங்களே வச்சுக்கிடுங்கய்யா, எனக்கு எம் பேரப்புள்ள வேணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

பிச்சைக்கனி அடுக்களையில் காலை நீட்டி உட்கார்ந்து பச்சைப்பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். கிருபாகரன் வேலைக்குப் போயிருந்தான். பேச்சிக்கனி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆரம்பித்தாள்.

"ஏட்டி கருவாச்சி. பரட்டத் தலைச்சி. பல்லைப் பாரு, பூசணி வெத கணக்கா."

பிச்சைக்கனி தலையைத் தூக்கினாள். ஒன்றும் ஆகவில்லை. முப்பது வருஷமாகப் பழகின வசவு, அதில் ஒரு சொல்லும் நிஜம் இல்லை. பேச்சிக்கனிக்குப் பொய்யாக மெச்ச வராது என்று சொன்னேன் அல்லவா, பொய்யாகத் திட்ட நன்றாகவே வரும், ஆனால் அந்தத் திட்டுக்கு ஒரு பூவும் உதிராது.

"என்னம்மா செய்யுத?" என்றாள் மகள், விஷயம் பிடிபட்டவளாக. "அன்னைக்குச் சொன்னதத் திருப்பி வாங்கப் பாக்குதியா?"

"வாங்கினாத்தாண்டி புள்ள வரும். அந்த மாமரத்த வஞ்சேன், காய் புடிச்சிருச்சு. நான் சொன்ன சொல்லுதான் ஒன் வயித்துல வாசலை அடச்சுக்கிட்டு நிக்கி."

"நின்னுட்டுப் போட்டும்." பிச்சைக்கனி பட்டாணித் தட்டைத் தள்ளி வைத்தாள். "முப்பது வருசத்துல எனக்குன்னு ஒரு வார்த்த சொன்ன. அதையும் புடுங்கிக்கிட்டுப் போறதுன்னா எனக்கு வேண்டாம். எனக்கென்ன கொறச்சல்? நான் நல்லாருக்கேன், உள்ள அது நல்லாருக்கு. இப்படியே இருக்கேன். நீயும் இங்கனயே இரு, தெனமும் பார்க்குக்குப் போவோம், தெனமும் என்னையப் பாரு. புள்ள பொறந்தா நீ ரயிலேறிருவ, அப்புறம் எப்போ எனக்குச் சொல்லப் போற?"

பேச்சிக்கனி மகளின் முன்னால் வந்து நின்றாள். பிச்சைக்கனி பிறந்த நாளிலிருந்து அவள் மேல் பேச்சிக்கனிக்கு உண்மையான கோபம் வந்ததே இல்லை, அது இப்போதுதான் முதல் தடவையாக வந்தது.

"ஏட்டி கூறுகெட்ட கழுத," என்றாள். சுவரில் மாட்டியிருந்த தட்டுகள் அதிர்ந்தன. "என்னடி பேசுத? இப்படியே இருப்பியா? உள்ள இருக்க உசுர வெளியவிடாம, அழகு பாத்துக்கிட்டு இருப்பியா? ரெண்டு புள்ளயக் குழியில வச்சிட்டு வந்தவட்டி நான்! நல்லாருக்கான்னு சொன்னாளுவ, போய்ட்டான். ரெண்டாவதுக்கும் சொன்னாளுவ, போய்ட்டான். ஒன்னையும் ஒருத்தி சொல்லிருவாளோன்னு ஒன் மூஞ்சில நானே கரியப் பூசிக்கிட்டுத் திரிஞ்சேன். நீ முதல் மார்க்கு வாங்கிட்டு ஓடி வந்தப்போ என் நாக்கக் கடிச்சு ரத்தம் வந்துச்சு, தெரியுமாட்டி ஒனக்கு? ஒன் கல்யாணத்தன்னைக்கு ஒன்னைய நிமிந்து பாத்தா எங்க வாய் பேசிருமோன்னு, பந்தி முடியுத வர அடுக்களைக்குள்ள போய் ஒக்காந்திருந்தேன். வாயத் தச்சு வச்சிக்கிட்டு வளத்த புள்ளைக்கு, அது ஏன்னு யோசிக்க முப்பது வருசத்துல புத்தி வரல. என்னையும் பேச வச்சுக் கெடுத்துப்புட்டியேடி, பாவி! தாய் மொகத்த அது பாக்கக் கூடாதா? வெளிய வந்து அழக் கூடாதா? எந்திரிடி!"

தனக்கு முன்னால் இரண்டு அண்ணன் இருந்து போனது பிச்சைக்கனிக்குத் தெரியும், எதனால் என்று யாரும் சொன்னதில்லை. எழுந்து நிற்கச் சுவரைப் பிடித்தாள். பனிக்குடம் உடைந்து அடுக்களைத் தரையில் பட்டாணித் தோலெல்லாம் மிதந்தது.

காலை பத்து மணி. எதிர் வீட்டு மன்சூர் ஆட்டோவைத் தெருவுக்குள்ளேயே கொண்டுவந்து நிறுத்தினான். பேச்சிக்கனிக்குப் பிடித்த ஆத்திரம் விடவில்லை, விட்டால் பிள்ளை நின்றுவிடுமோ என்ற பயத்தில் அவளும் விடவில்லை; வண்டிக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு, வழிவிடாத காரை, மழையை, சிக்னலை, மகளை, தன் வாயை எல்லாவற்றையும் சேர்த்து வைதுகொண்டே போனாள். சாலையின் இரண்டு பக்கத்து மரங்களும், தங்களைத்தான் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டன. முதலில் ஒரு மயிற்கொன்றை விட்டது. அடுத்து ஊதா மரம். பிறகு ஒன்றைப் பார்த்து ஒன்றாக, மூன்று மாதமாகப் பிடித்து வைத்திருந்த அத்தனையையும், மஞ்சளும் சிவப்பும் ரோஜாவும் ஊதாவுமாக, மழையோடு மழையாகக் கொட்டின. மன்சூர் வைப்பரைப் போட்டான், கண்ணாடியில் பூ இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்தது. பஸ்கள் அப்படியே நின்றன, ஜனங்கள் குடையைக் கீழே இறக்கிவிட்டு முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றார்கள், ஒருத்தரும் வருத்தப்பட்ட மாதிரி தெரியவில்லை. கூட்டுகிற பெண்கள் மதிலில் சாய்த்த துடைப்பத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள், எழுந்தும் உடனே கூட்ட மனசு வராமல் கணுக்கால் வரை பூவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆட்டோ அதற்குள் படகு மாதிரி போயிற்று. பேச்சிக்கனிக்கு அதைப் பார்த்து வாய் துடித்தது, ஆனால் முந்தானையைக் கடித்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் பிரசவ அறைக்குள் தாயையும் கூடவே விட்டார்கள். நேரம் ஆக ஆகப் பேச்சிக்கனியின் ஆத்திரம் வடிந்துகொண்டே வந்தது, மகள் துடிப்பதைப் பார்த்து அவளுக்குத் திட்ட வாய் எழவில்லை, நெற்றியைத் துடைத்துவிட்டுக்கொண்டு சும்மா நின்றாள். பிச்சைக்கனி அவள் கையை நசுக்கினாள்.

"நிறுத்தாதம்மா," என்றாள். "வை. அடுக்களையில சொன்னதெல்லாம் மறுபடியும் சொல்லு. நாக்கக் கடிச்சத சொல்லு."

"ஏட்டி கழுத," என்றாள் பேச்சிக்கனி, குரல் உடைந்து.

"இன்னும்."

"கூறுகெட்டவளே. ஒனக்கு அம்ம போட்டப்போ நாப்பது நாளு வேப்பிலையோட ஒக்காந்திருந்தேன்டி, ஒன் மூஞ்சில ஒரு தழும்பு விழக் கூடாதுன்னு. அந்த நன்றி இருக்காட்டி ஒனக்கு?"

"இன்னும் திட்டும்மா!"

பகல் ஒன்றரை மணிக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. டாக்டரம்மா கையிலேயே அது அழுத அழுகை வராந்தாவில் நின்ற கிருபாகரனுக்கும், அவனுக்குப் பின்னால் பூ அப்பின தலையோடு நின்ற மன்சூருக்கும் கேட்டது. வெளியே மழை விட்டிருந்தது. கழுவித் துடைத்து, துணியில் சுற்றி, நர்ஸ் குழந்தையைப் பேச்சிக்கனியின் கையில் கொடுத்தாள்.

பேச்சிக்கனி அந்த முகத்தைப் பார்த்தாள். பாதி மூடியே இருந்து பழகின அவள் கண்கள் முழுதாகத் திறந்துகொண்டன. ஒரு கையால் பிள்ளையை அணைத்துக்கொண்டு இன்னொரு கையால் தன் வாயை இறுகப் பொத்திக்கொண்டாள். பொத்தின விரல்களுக்கு மேலே கண்ணீர் வழிந்து ஓடியது. குழந்தையை விட்டு நிமிர்ந்து, கட்டிலில் வியர்வையும் கலைந்த முடியுமாகக் கிடந்த மகளைப் பார்த்தாள். அதே கண்ணால் நெடுநேரம் அவளையும் பார்த்தாள். கையை மட்டும் வாயிலிருந்து எடுக்கவில்லை.

"கேட்டுச்சும்மா," என்றாள் பிச்சைக்கனி.